அந்தரத்தில் மரகதவல்லி

அப்படியேபுரத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

டவுனில் ஜோடி நடனப் போட்டி என்று கேள்விப்பட்டதும் ஊர் கூடி, வெள்ளியங்கிரியையும் அவன் சம்சாரம் மரகதவல்லியையும் அனுப்புவதென்று முடிவு செய்தது. ஆடத் தெரியும் என்பதற்காக அல்ல; ஊரிலேயே சண்டை போடாத ஜோடி அது ஒன்றுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் வருஷாவருஷம் கோப்பையை வாங்கி, வேண்டுமென்றே அப்படியேபுரத்துத் தெரு வழியாக ஊர்வலம் போகிற எரிச்சலும் இருந்தது. ஒத்தாசைக்குக் காளிங்கன், துரைக்கண்ணு என்ற நண்பர்கள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். யோசனை சொல்வதில் கெட்டிக்காரர்கள். யாரும் கேட்கக்கூட வேண்டியதில்லை.

பயிற்சி கொடுக்க அருமைநாதன் மாஸ்டர் வந்தார். பாவம், நல்ல மனிதர்.

வெள்ளியங்கிரி விறைப்பாக நிற்பதைப் பார்த்து, தோளை இறக்கி வைக்கச் சொன்னார். எங்கே வைப்பது என்று அவன் மரியாதையாகக் கேட்டான். துரைக்கண்ணு ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்தான். அதன்மேல் தோளை வைத்துக் குனிந்தபடியே வெள்ளியங்கிரி அன்று முழுக்க ஆடினான். அவன் போகிற பக்கமெல்லாம் முக்காலியை இழுத்துக்கொண்டு ஓடியதில், துரைக்கண்ணுவுக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மாஸ்டர் எச்சரித்தார். இந்த ஆட்டம் ஓட்டப் பந்தயத்தைவிடக் கடுமையானது, தொடை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஆனாலும் மேடையில் மூச்சு வாங்கக் கூடாது என்றார். அவர் டீ குடிக்கப் போனதும் ஆலோசனை நடந்தது.

"மூச்சை எங்கே விக்கறாங்க?" என்றான் துரைக்கண்ணு.

"டவுன்ல விக்கும். அங்க தண்ணியே விக்கறாங்களே" என்றான் காளிங்கன்.

"நாம இதுவரைக்கும் வாங்கினதில்லையே. சொந்த மூச்சுதானே?"

காளிங்கன் நன்றாக யோசித்தான். "விட்டாத்தானே திரும்ப வாங்கணும்? விடாமலே ஆடிடலாம்."

ஒரு பாட்டு முடிவதற்குள் புருஷனும் பெண்சாதியும் நீலம் பாரித்துச் சாய்ந்தார்கள். மாஸ்டர் ஓடிவந்து தண்ணீர் தெளித்து எழுப்பினார். காளிங்கன் அவரிடம், "விழுந்தாங்களே தவிர, மூச்சு வாங்கலைங்க மாஸ்டர்" என்று பெருமையோடு சொன்னான்.

போட்டியன்று மாஸ்டர் பாதியாகியிருந்தார். கடைசியில் சம்சாரத்தைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், கைதட்டல் நிற்கும்வரை இறக்கக் கூடாது என்று வெள்ளியங்கிரியிடம் சொன்னார். அப்புறம், ஒருவரும் கைதட்டாவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் நண்பர்களிடம் போய், அவன் இறக்கும்வரை தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டும் நல்ல யோசனைகள்தான், தனித்தனியாக.

வெள்ளியங்கிரி தூக்கினான். சபை தட்டியது, ஓய்ந்தது. நண்பர்கள் ஓயவில்லை. அவனுக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. பரிதாபமாக நண்பர்களைப் பார்த்தான். நன்றி சொல்கிறான் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வாழ்நாளில் ஒரு அடிகூட ஆடியறியாத நடுவர் எழுந்து, இறக்கச் சொன்னார்.

"கைதட்டல் நிக்கட்டுமுங்க" என்றான் வெள்ளியங்கிரி.

"அவரு இறக்கட்டுமுங்க" என்றார்கள் நண்பர்கள்.

மாஸ்டர் பின்வாசல் வழியாகப் போனவர்தான். அந்தப் பக்கத்தில் அவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. கோப்பை வழக்கம்போலப் பக்கத்து ஊருக்கே போயிற்று. மண்டபத்தைப் பூட்டுகிறோம் என்று இவர்களை வெளியே தள்ளினார்கள். அப்படியே நடந்தார்கள், அவன் தூக்கியபடி, இவர்கள் தட்டியபடி. வழியில் ஒரு ஊரில் அம்மன் வருகிறாள் என்று தேங்காய் உடைத்தார்கள். பசியாயிருந்ததால் மரகதவல்லியும் மறுக்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி நின்றுவிட்டான். கை கழன்றே விழுந்துவிடும், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சினான். நண்பர்களுக்கே மனம் இளகியது. தட்டுகிற சத்தம் மெல்லத் தேய்ந்தது.

மேலேயிருந்து மரகதவல்லி எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு கை கூரைமேல் இருந்தது.

"நிறுத்திடாதீங்க தம்பிங்களா" என்றாள். "மழைக்கு ஒழுகுது. இன்னும் நாலு ஓடு மாத்த வேண்டியிருக்கு."