வெள்ளைக்காலியும் டிக் டிக் கொலுசும்

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் வெள்ளைக்காலி என்றொரு காட்டுமாடு இருந்தாள். உடம்பெல்லாம் கருப்பு, நாலு காலும் முழங்கால்வரை வெளுப்பு. அதனால் அந்தப் பெயர். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்! ஒன்றைச் செய்வதென்று இறங்கிவிட்டால், முடிக்காமல் தலையைத் தூக்க மாட்டாள்.

போன மழைக்காலத்தில் வெள்ளைக்காலி ஒரு பள்ளத்தில் விழுந்தாள். வலது பின்னங்காலில் நல்ல அடி. காயம் ஆறிவிட்டது, பலம் மட்டும் திரும்பவில்லை. நொண்டி நொண்டித்தான் நடந்தாள்.

அந்தக் காட்டில் கோடை வந்தால் குட்டை வற்றிவிடும். அப்போது எல்லா விலங்குகளும் கூன்பாறை மேட்டில் ஏறி, அந்தப் பக்கத்து ஆற்றுக்குப் போக வேண்டும். மேட்டில் ஏறுவதற்கு ஒரே ஒரு பாதை. ஏழு வளைவு, செங்குத்து, ஒரே ஒரு மாடு போகிற அகலம். ஏற முடியாமல் பின்தங்குகிறவர்களுக்காகச் செந்நாய்கள் கீழே காத்திருக்கும்.

கூட்டத்தின் தலைவியான பெரியகொம்பி ஒருநாள் வெள்ளைக்காலியைக் கூப்பிட்டாள்.

"இன்னும் முப்பது நாள்தான் தண்ணி தாங்கும். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் காலையில கிளம்பறோம். உனக்காக யாரும் நிக்க முடியாதும்மா. மனசுல வச்சுக்கோ."

"என் கன்னுக்குட்டி?"

"துள்ளனை நாங்க கூட்டிட்டுப் போறோம்னுதான் சொல்றேன். அவன் வந்தாத்தானே!"

வெள்ளைக்காலிக்கும் அது தெரியும். துள்ளன் அவளை விட்டு வரமாட்டான். அவள் பின்தங்கினால் அவனும் பின்தங்குவான். செந்நாய்களுக்கு இரண்டு பேரும் விருந்து.

"நான் ஏறுவேன்" என்றாள்.

சொல்லிவிட்டாள். எப்படி ஏறுவது? அங்கேதான் வருகிறது நம்ம கோச் காக்கா!

இந்தக் காக்கா தினமும் டவுனுக்குப் பறந்துபோகும். அங்கே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் ஜன்னலில் உட்கார்ந்து, உள்ளே மனிதர்கள் செய்கிற கூத்தையெல்லாம் பார்க்கும். எதற்குச் செய்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அதற்கு ஆசையில்லை. பார்த்ததைக் காட்டுக்குக் கொண்டுவந்து, அரசமரத்தில் உட்கார்ந்து கரையும். கேட்பவர்கள் தினமும் ஒரு பழமாவது கொண்டுவர வேண்டும்.

"டவுன்ல இப்போ இதான் டிரெண்டு!" என்றது காக்கா. "எல்லாரும் கையில ஒரு பட்டை கட்டிக்கிறாங்க. எத்தனை அடி நடந்தோம்னு அது எண்ணிச் சொல்லுது. எண்ணிக்கை ஏற ஏற பலம் ஏறும்!"

"நாங்க பட்டைக்கு எங்க போறது?" என்றது காட்டுப்பன்றி. அதற்கு எதிலும் முதலில் வந்தாக வேண்டும், ஆனால் உடம்பு வணங்காது.

"கோச் எதுக்கு இருக்கேன்?" என்று காக்கா ஒரு கொடிக் கொலுசை எடுத்துப் போட்டது. கொலுசில் ஒரு காய்ந்த காய் கட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு விதை. காலை அசைத்தால் 'டிக்' என்று கேட்கும்.

எல்லா விலங்குகளும் ஆளுக்கொரு கொலுசு மாட்டிக்கொண்டன. வெள்ளைக்காலியும் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் மரத்தடியில் அவரவர் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அதிகம் சொல்கிறவர் தலையில் காக்கா ஒரு மயிலிறகைச் செருகும்.

"மான்?"

"ஒன்பதாயிரம்!"

"பன்றி?"

"பன்னிரண்டாயிரம்!"

"வெள்ளைக்காலி?"

"முன்னூறு" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. முயல்குட்டிகள்கூடச் சிரித்தன.

மறுநாள் மத்தியானம் வெள்ளைக்காலி ஒரு புதர் ஓரமாகப் போனாள். உள்ளே டிக்டிக்டிக்டிக் என்று ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், பன்றி மல்லாந்து படுத்துக்கொண்டு ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது!

"என்ன பன்றியாரே இது?"

"அட, கத்தாதே! கால் ஆடுது, காய் எண்ணுது. நடந்தா என்ன, படுத்தா என்ன?"

வெள்ளைக்காலி நியாயமாகப் பார்த்தால் திரும்பி நடந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் சிரிப்பு அவள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளும் படுத்தாள். நல்ல காலில் கொலுசை மாற்றிக் கட்டிக்கொண்டு ஆட்டினாள். ஆட்டினாள், ஆட்டினாள், ஒரு வாரம் ஆட்டினாள். எட்டாம் நாள் இருபதாயிரம் சொன்னாள். மயிலிறகு அவள் தலைக்கு வந்தது. காடே கைதட்டாத குறை!

அந்தப் பெருமையோடு அவள் நேராகக் கூன்பாறைக்குப் போனாள். ஏறிப் பார்த்துவிடுவோமே என்று முதல் வளைவில் கால் வைத்தாள்.

பத்து அடி. பின்னங்கால் மடங்கியது. சரசரவென்று சறுக்கிக் கீழே வந்து விழுந்தாள். மயிலிறகு மண்ணில் கிடந்தது.

"அம்மா!" என்று ஓடிவந்தான் துள்ளன். "வலிக்குதா?"

"வலிக்கலடா" என்றாள். வெட்கமாக இருந்தது. இருந்த முப்பது நாளில் எட்டு நாளை ஒரு காய்க்குத் தின்னக் கொடுத்துவிட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் முதுகில் எப்போதும் ஓர் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருக்கும். உண்ணி பொறுக்கித் தின்கிற வெள்ளைக் கொக்கு. அதற்கு மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற வாய்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றது கொக்கு. "போன மழையில நீ பள்ளத்துல விழுந்து எழுந்த நாள்லேர்ந்து நான் உன் முதுகுல நேரா நின்னதே கிடையாது. எப்பவும் இடது பக்கம் சரியுது. வலது காலைத் தரையில ஊனவே மாட்டேங்கிற. ஊனாத காலுக்குப் பலம் எங்கேர்ந்து வரும்?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? காக்காயைத்தானே கேட்டுட்டிருந்த!"

வெள்ளைக்காலி குனிந்து கொலுசைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி. இனிமே நீ என் முதுகுலேயே நில்லு. சரிஞ்சா உடனே சொல்லு. தயவு தாட்சண்யம் பாக்காதே."

"நான் எப்ப பாத்தேன்?" என்றது கொக்கு.

அன்றே ஆரம்பித்தார்கள். முதலில் சமதரையில் நின்றாள். வெறுமனே நிற்பதுதான்! "சரியுது" என்றது கொக்கு. வலது காலை ஊன்றினாள். சுரீரென்றது. "இன்னும் சரியுது." பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஊன்றினாள். ஐந்தாம் நாள்தான் கொக்கு இறக்கையை விரிக்காமல் நேராக நின்றது. அப்புறம் நடை. அப்புறம் சின்ன மேடு. அப்புறம் முதல் வளைவு. கால் வீங்கினால் கொக்கு, "இன்னைக்கு ஓய்வு. அடம் பிடிக்காதே" என்று அதட்டும். ஓய்வெடுப்பதுதான் அவளுக்கு மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

அரசமரத்தடியில் வாரத்துக்கொரு டிரெண்டு மாறியது. ஒரு வாரம் குளிர்ந்த சேற்றில் கழுத்துவரை புதைந்து கிடந்தார்கள். அடுத்த வாரம் பாதி நாள் பட்டினி. அதற்கும் அடுத்த வாரம் தலைகீழாகத் தொங்கினார்கள். காலில் கொலுசு மட்டும் டிக்டிக்கென்று எண்ணிக்கொண்டே இருந்தது.

"வெள்ளைக்காலி, ஒரே மேட்டுல ஏறி இறங்கிட்டிருக்கியே, போரடிக்கல? இதெல்லாம் பழைய பாணி!" என்றது காக்கா.

"மேடும் பழசுதானே?" என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள். அன்றைக்கு மூன்றாம் வளைவு. அமாவாசைக்கு முதல்நாள் ஆறாம் வளைவு. ஏழாம் வளைவை அவள் பார்த்ததுகூட இல்லை.

கிளம்புகிற நாள் வந்தது. குட்டையில் சேறுகூட மிச்சமில்லை. விடிந்ததும் பெரியகொம்பி முன்னால் நடக்க, எல்லா விலங்குகளும் வரிசையாக மேட்டில் ஏறின. வெள்ளைக்காலிக்கு முன்னால் பன்றி. பின்னால் கடைசியாக, அம்மாவைத் தாண்டி முன்னால் போகமாட்டேன் என்ற துள்ளன்.

ஒன்று, இரண்டு, மூன்று வளைவு. நாலாவது வளைவில் பன்றி தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

"என்னால முடியாது! காலு எழும்பவே மாட்டேங்குது!"

மேலே பறந்த காக்கா கரைந்தது: "விடாதீங்க பன்றியாரே! இன்னும் இருநூறு டிக் போதும், இன்னைக்கும் முதலிடம் உங்களுக்குத்தான்!"

"நாசமாப்போன முதலிடம்! மூச்சு நின்னுடும் போல இருக்கு!" என்று அழுதது பன்றி.

கீழே விசில் அடித்தது போல ஒரு சத்தம். செந்நாய்கள்! ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு முதல் வளைவில் ஏறிவிட்டன. பன்றியைத் தாண்டிப் போக இடமில்லை. துள்ளன் அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டான்.

"அம்மா, வந்துட்டாங்க!"

"பயப்படாதே. என் பின்னாலேயே வா" என்றாள் வெள்ளைக்காலி.

தலையைத் தாழ்த்தி, நெற்றியைப் பன்றியின் பின்புறத்தில் வைத்தாள். இப்போது தன் எடையும் பன்றியின் எடையும் பின்னங்கால்கள் மேல்தான். இடது பக்கம் சாய்ந்தால் மூன்று பேரும் பள்ளத்தில் போவார்கள்.

"வலதை ஊனு!" என்று கத்தியது முதுகில் நின்ற கொக்கு.

ஊன்றினாள். கால் நடுங்கியது. மடங்கவில்லை. "ம்ம்ம்" என்று ஒரு உறுமல் உறுமித் தள்ளினாள். பன்றி எழுந்தது. இன்னொரு தள்ளு. ஐந்தாம் வளைவு. "ஊனு! அப்படித்தான்! ஊனு!" ஆறாம் வளைவு. பன்றி அழுதுகொண்டே நகர்ந்தது. பார்த்தே இராத ஏழாம் வளைவையும் அவள் பார்க்காமலே கடந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாளே!

கண்ணைத் திறந்தபோது துள்ளனோடு உச்சியில் நின்றாள். பெரியகொம்பியும் மற்ற மாடுகளும் கொம்பை நீட்டிப் பாதையின் வாயில் வரிசை கட்டி நின்றன. அத்தனை கொம்புகளைப் பார்த்த செந்நாய்கள் முறைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போயின.

சரிவின் அடியில் ஆறு ஓடியது. எல்லாரும் ஓடிப்போய் வாய் வைத்தார்கள். துள்ளன் நாலு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அம்மா கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்குத் தாகமில்லையா?"

"இருக்குடா கண்ணு. நாலு காலும் தரையில நிக்குது பார். ஒரு நிமிஷம் இப்படியே நின்னுக்கறேனே."

நீதி: எண்ணிக்கை காட்டும் உழைப்பு பாராட்டைத்தான் தரும், தன் குறையை அறிந்து செய்யும் உழைப்பே கரை சேர்க்கும்.