கடைசி எழுத்து

பவானி ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதன் சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் தணிகாசலத்துக்கோ ஐம்பத்தாறு. சென்னையில் ஒரு செய்திச் சேனலில் செய்திப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். திரையின் அடியில் ஓடுகிற வரி முதல் ராத்திரி விவாதத்தின் தலைப்பு வரை அவர் கண்ணில் படாமல் எதுவும் வெளியே போகாது. முப்பது வருடத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

சேனல் ஒரு கட்சியின் பக்கம். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். இன்னொரு கட்சிக்கு இன்னொரு சேனல் இருக்கிறது, அங்கேயும் இதே கூத்துதான். தங்கள் ஆள் பேசினால் ‘விளக்கம் அளித்தார்’. அடுத்த கட்சி ஆள் அதையே பேசினால் ‘மழுப்பினார்’. அவரே கைதாகிவிட்டால் மறுநாள் ‘மழுப்பினான்’.

சாமி கோபி ஊர்ப் பக்கத்துக்காரர். கொட்டகையில் கட்டியிருக்கும் மாட்டைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் அது ஒரு அதிசயமே இல்லை. மாசம் ஒருமுறை வந்துபோகும் தணிகாசலத்துக்குத்தான் ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது.

அன்று காலை அவர் வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்துக்குள் மடத்தில் இரண்டு பொருள்கள் உடைந்தன.

முதலில் வாசல் தண்ணீர்க் குழாய். மடத்துக்கு நிறையச் செய்கிற ரத்தினசபாபதி, காரை ஒரு கையால் ஓட்டியபடி மறுகையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே உள்ளே திருப்பினார். குழாய் முறிந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. “அடடே!” என்று சொல்லிவிட்டு அவர் பூஜைக்குப் போய்விட்டார்.

அடுத்தது மாட்டுக் கொட்டகையின் ஓடு. தேங்காய் பறிக்க வந்த மாரப்பன் மரத்தின் மேலிருந்து, “தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க, தள்ளிக்குங்கோ!” என்று கத்திவிட்டுத்தான் குலையை வெட்டினார். காற்றில் குலை விலகி ஓட்டின் மேல் விழுந்தது. இரண்டு ஓடு போயிற்று.

இரண்டையும் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலம், எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்டார்:

“சாமி, நடுநிலையா இருக்கிறது எப்படி?”

“எதுக்குங்க இப்ப அது?”

“எங்க அக்கா பொண்ணுக்குப் பத்து நாள்ல கல்யாணம். நான் தாய்மாமன். அக்கா என்னை வராதேன்னுட்டா.”

“ஏனுங்க?” என்று கேட்டார் சாமி.

“எங்க அத்தான் ஊர்ல கவுன்சிலர். எங்க சேனலுக்கு ஆகாத கட்சி. குடிதண்ணி கேட்டு மறியல் பண்ணிக் கைதானார். ‘போலீஸ் வேனில் ஏற மறுத்துக் கவுன்சிலர் குணசீலன் அடம்பிடித்தான்’னு எங்க சேனல்ல நாள் முழுக்க ஓடிச்சு. அவருக்கு முட்டி வலி. படி ஏற முடியல.”

“முட்டி வலின்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“போன தீபாவளிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.”

சொல்லிவிட்டு அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை.

“சொந்தக்காரர்னு நாங்க சலுகை காட்டல சாமி. அந்தக் கட்சிக்காரர் யார் கைதானாலும் ‘ன்’தான் போடுவோம். அவங்க சேனல்ல எங்க ஆளுங்களுக்கும் ‘ன்’தான். அத்தானுக்கு மட்டும் ‘ர்’ போட்டா அதானே ஓரவஞ்சனை?”

சாமி எழுந்து போய் ஒரு சிலேட்டும் பல்பமும் எடுத்து வந்தார்.

“காலையில ரெண்டு பொருள் ஒடஞ்சுதுங்களே, அத உங்க டிவியில சொல்ற மாதிரி இதுல எழுதுங்க.”

தணிகாசலத்துக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஒரு நிமிஷத்தில் எழுதி நீட்டினார்.

‘கொடையாளர் ரத்தினசபாபதியின் கார் எதிர்பாராதவிதமாக உரசியதில் மடத்தின் குழாய் சேதமடைந்தது. தேங்காய் பறிக்க வந்த மாரப்பன் அலட்சியமாகக் குலையை வெட்டிப் போட்டு இரண்டு ஓடுகளை உடைத்தான்.’

சாமி படித்துப் பார்த்தார்.

“எழுத்துப் பிழை இருக்குதுங்களே.”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வாங்கிப் பார்த்தார். ‘அலட்சியமாகக்’ என்பதில் ‘க்’ இருந்தது. றகரம் ரகரம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“பிழை ஒண்ணும் இல்ல சாமி.”

“ஏனுங்க மாரப்பன், கொஞ்சம் இங்க வாங்க” என்று சாமி கூப்பிட்டார்.

மாரப்பன் இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தணிகாசலத்தின் வயதுதான் இருக்கும். முன்மண்டை முழுக்க நரைத்திருந்தது. சிலேட்டை வாங்கி, எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி மெதுவாகப் படித்தார்.

“இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார் சாமி.

“செரியாத்தானுங்க இருக்குது. ஓட்ட நாந்தானுங்களே ஒடச்சேன். கொட்டாய்க்குப் பின்னால பழைய ஓடு கெடக்குது, இப்பவே மாத்திப் போட்டுடறனுங்க.”

சொன்னவர் நிற்காமல் போய்விட்டார். அவர் ஏணியைத் தூக்கிச் சாய்க்கிற சத்தம் கேட்டது.

“பாருங்க, அவருக்கும் தெரியலீங்க. கேட்டுக் கேட்டுப் பழகிட்டாரு” என்றார் சாமி.

அப்போதுதான் தணிகாசலத்தின் கண் வரியின் கடைசிக்குப் போனது. ‘உடைத்தான்.’ எழுதும்போது கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. விரலால் ‘ன்’னை அழித்துவிட்டு ‘ர்’ போட்டார்.

வெட்கம் வந்தாலும் வாதம் போகவில்லை.

“அப்ப தப்புப் பண்ணினவங்களுக்கும் ‘ர்’ போடணுமா சாமி? தப்பு சின்னதாத் தெரியாதா?”

“‘உடைத்தார்’னு எழுதுனா ஓடு ஒட்டிக்குமுங்களா?”

தணிகாசலம் மறுபடி சிலேட்டைப் பார்த்தார்.

“‘அலட்சியமாக’ன்னு இருக்குது. எத்தனை தரம் கத்துனாருங்க?”

“மூணு தரம்.” அந்தச் சொல்லையும் அழித்தார்.

“கார் ஓட்டிட்டு வந்தவரு கையில என்ன இருந்துச்சுங்க?”

“போன்.” ‘எதிர்பாராதவிதமாக’வும் போயிற்று.

“ஓட்ட ஒடைக்க ஒருத்தர் இருக்காரு. கொழாய் மட்டும் தானா ஒடஞ்சுக்கிச்சுங்களா?”

‘சேதமடைந்தது’ என்பதை அழிக்கும்போது தணிகாசலத்தின் விரலெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவருக்குச் சிலேட்டில் பாதி வரிதான் மிஞ்சியது.

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“அக்காவுக்கு எழுதியிருக்கேன். நேத்து அவ போன் பண்ணினா. ‘உங்க ஆபீஸ்ல எவனோ எழுதிட்டான், நீ பாக்கலன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புடா. நான் நம்பிக்கிறேன். உங்க அத்தான்கிட்ட காட்டிச் சமாதானம் பண்றேன். நீ வந்து மாமன் எடத்துல நில்லு’ன்னு அழறா. நான் பொய் எழுதல சாமி. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. கேளுங்க.”

படித்தார்: “‘அத்தானைப் பற்றி அப்படி ஒரு வரி எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்டது. அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’”

“அக்காவுக்கு எழுதுனதுங்களா இது?”

“பழக்கம் சாமி.”

“எழுதுனது யாருங்க?”

தணிகாசலம் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். வாசலில் முறிந்த குழாயிலிருந்து தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“நிருபர் ‘வேனில் ஏறச் சிரமப்பட்டார்’னுதான் அனுப்பியிருந்தார். குணசீலன் என் அத்தான்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நான் என்ன செய்யப்போறேன்னு எல்லாரும் என்னையே பாத்தாங்க. அப்ப...”

சொல்லை முடிக்காமல், பேனாவால் ஒரு வரியை அடிப்பதுபோல் காற்றில் கோடு இழுத்தார்.

“இதைச் சொன்னா அவ என்னை வாசப்படி மிதிக்க விடமாட்டா சாமி. அந்தப் பொண்ணைத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். இப்படியே அனுப்பிட்டா கல்யாணத்துக்குப் போயிடலாம்.”

கொட்டகையின் மேல் மாரப்பன் ஓடு மாற்றுகிற சத்தம் கேட்டது. சாமி சிலேட்டைக் கையில் எடுத்து, வெள்ளையாகத் தேய்ந்து ‘ர்’ போட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க ஒரு ‘ன்’ இருந்துச்சுங்களே, அத என்ன பண்ணுனீங்க?”

“அழிச்சுட்டேன்.”

“உங்க கடுதாசியில அந்த எழுத்து ஒண்ணு கொறையுதுங்க. அங்க வெச்சுப் பாருங்க.”

தணிகாசலம் கடிதத்தை மடியில் விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து ‘எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்டது’ என்பதை அடித்தார். அதற்கு மேலே ‘நான்தான் எழுதினேன்’ என்று எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.