மாடிவீட்டுப் பாக்கி, கீழ்வீட்டுப் போன்

காதைக் கொஞ்சம் இங்கே கொடுங்க. கடைசியில் ஒன்று கேட்பேன், முழிக்கக் கூடாது.

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில் செண்பகவடிவு என்று ஒருத்தி. புருஷன் இல்லை. செத்தவர்களைக் கிடத்துகிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். செல்போன் வராத காலம். பெட்டியின் இரண்டு பக்கமும் அவள் வீட்டுப் போன் நம்பர் எழுதியிருக்கும். அந்த மணி அடித்தால்தான் அவளுக்குச் சோறு. பில் வந்த மறுநாளே கட்டி, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவாள்.

மாடியில் கொழுந்தன் மாரிச்செல்வம். தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு, தனிப் போன். லாரி புக்கிங் என்று ஊர் ஊராய்ப் பேசினான். எட்டு மாசம் பில் கட்டவில்லை. அவன் பேருக்கு இரண்டு நோட்டீஸ் வந்தது, பிறகு போனை வெட்டினார்கள். அது நியாயம். அடுத்த வாரம், ஒரு நோட்டீசும் இல்லாமல் கீழ்வீட்டுப் போனும் செத்தது. ரிப்பேர் என்று நினைத்து அவள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பத்து மைல் தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் இறந்தார். மகள் பம்பாயிலிருந்து வர வேண்டும். வீட்டார் அந்த நம்பரைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். அவர்கள் காதில் மணி அடித்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை. பெட்டி வெளியூர் போயிருக்கும் என்று, சித்திரை வெயிலில் ஐஸ் கட்டி வாங்கி அடுக்கினார்கள். தாங்கவில்லை, மகள் வருமுன்னே எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்காத மகள் நேராகச் செண்பகவடிவு வாசலுக்கு வந்தாள்.

"மணி அடிச்சா எடுக்க மாட்டீயளோ? எங்கப்பா முகத்தைத் திருப்பித் தருவீயளா?"

செண்பகவடிவு ரசீதுகளை அள்ளிக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். அதிகாரி நிமிராமலே சொன்னார்: "மாடியில பாக்கி. ஒரே கதவு எண், ஒரே குடும்பம்னா கீழேயும் வெட்டணும். விதி."

"மாடியில தின்னவனுக்கு வயித்துவலி. கீழ இருக்கிறவளுக்குப் பேதி மாத்திரையா சார்?"

அவர் ஒரு தாளை நீட்டினார். "பாக்கி என்னைச் சேர்ந்ததுன்னு கையெழுத்துப் போடுங்க. பணம் யார் கட்டினாலும் சரி. நாளைக்கே லைன்."

சேதி கேட்ட மாரிச்செல்வம், தன் பெண்டாட்டி சங்கிலியை அடகு வைத்துவிட்டு ஓடி வந்தான். "மதினி, பணம் நான் கட்டுறேன். கையெழுத்து மட்டும் போடுங்க. நாளைக்கு இன்னொரு சாவு விழுந்தா அந்த வீட்டுக்காரன் என்ன செய்வான்?"

"உம்ம பாக்கியை உம்ம பேர்ல கட்டும், கொழுந்தனாரே. என் பேர்ல ஒரு பைசா கட்டினீரு, மாடிப்படியைப் பேத்துப் போட்ருவேன்."

நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். பெட்டியில் நம்பர் மேலே தாரால் ஒரு கோடு இழுத்து, கீழே எழுதினாள்: 'போனை அறுத்துவிட்டார்கள். ஆள் அனுப்பவும்.' ஏழு மாசம் பாதி வயிறு.

விதியைக் காட்டிய அதிகாரி, பணத்தோடு வந்த கொழுந்தன், கையெழுத்து மறுத்த செண்பகவடிவு. இதில் யார் செய்தது சரி?

கொழுந்தன் பணம் நல்ல பணம்தான். போகிற பேர்தான் தப்பு. போன் எடுத்தவர் பேரில்தான் பாக்கி, கதவு எண்ணுக்கு ஏது பாக்கி? அந்தத் தாளில் அவள் கை வைத்திருந்தால் கடன் அவளுடையது; வெட்டியதும் நியாயம் ஆகியிருக்கும். பம்பாய் மகள் கேட்ட கேள்விக்கும் அவளே குற்றவாளி ஆகியிருப்பாள். சரியாகச் செய்தவள் செண்பகவடிவு. நீதிமன்றமும் அப்படியே சொல்லி, லைனையும் நஷ்ட ஈட்டையும் கொடுக்க வைத்தது. மணி மறுபடி அடித்தது. நம்பரைப் பக்கத்தில் புதிதாக எழுதினாள்; பெட்டியில் இருந்த தார்க்கோட்டை மட்டும் அவள் கடைசிவரை அழிக்கவில்லை.