மூன்றாவது தட்டு

மரகதவல்லி வீட்டில் மத்தியானம் மூன்று தட்டு வைப்பாள். சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி அவள். இன்னொருத்தி, அவளிடம் நாடகம் எழுதக் கற்றுக்கொள்ள வந்த அமலோற்பவம். குருவுக்கும் சிஷ்யைக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம்.

மூன்றாவது தட்டில் சோறும் குழம்பும் போட்டுக் கொல்லைக் கதவோரம் தள்ளி வைப்பாள். இவர்கள் சாப்பிட்டு முன்னறைக்குப் போய், எழுதியதைப் படித்துப் பார்ப்பார்கள். பிறகு அமலோற்பவம் வந்து தட்டுகளைக் கழுவுவாள். அந்த மூன்றாவது தட்டு வழித்துத் தின்றது போல இருக்கும். ஓரத்தில் கறிவேப்பிலை மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். கொல்லைப் பூனை தின்கிறது, பூனைக்குக் கறிவேப்பிலை ஆகாதுதானே என்று நினைத்துக்கொள்வாள். கேட்டதில்லை. அவளுக்கு எதையும் கேட்கக் கூச்சம்.

அன்று கேட்க வேண்டிவந்தது. மறுநாள் அவளுடைய முதல் நாடகம் மேடையேறுகிறது. மாதா கோயில் திடலில் பந்தலே போட்டாயிற்று. பேச வராத ஒரே ஒரு வசனம்தான் மிச்சம்.

கடலுக்குப் போகிற புருஷன், தூங்குகிற பெண்சாதியை எழுப்பிச் சொல்வது அது. "பிள்ளையப் பாத்துக்க. விடியறதுக்குள்ள வந்துடுறேன்."

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும், புருஷன் வேஷம் போட்ட இருதயராஜ் நின்றுவிட்டான்.

"மறந்துட்டியா தம்பி?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"மறக்கலக்கா. வாயத் தொறந்தா உப்புக் கரிக்குது."

"கருவாட்ட ஒரு கட்டு கட்டிட்டு வந்தா கரிக்காம என்ன செய்யும்?" என்றான் ஆர்மோனியக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். வேஷத்தை வேறொருவனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவனும் சரியாக அங்கேதான் நின்றான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேஷம் இருதயராஜிடமே திரும்பியது.

அமலோற்பவம் சோற்றைப் பிசைந்தபடியே இதையெல்லாம் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையா அது?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"இல்லக்கா. அவரு ஒண்ணும் சொல்லாமத்தான் போனாரு. பிள்ளைக்குப் பால் குடுத்தபடியே நான் தூங்கிட்டேன். எழுப்ப மனசில்லாமப் போயிட்டாரு போல. வள்ளம் மட்டும் கரைக்கு வந்துச்சு."

"அப்ப அது நீயா எழுதினது."

"ஆமா. ஒரே ஒரு தடவ காதால கேக்கணும்."

"கதையா எழுதியிருக்கலாமே."

"கதையில, அவர் சொன்னாருன்னு நான்தான சொல்லணும். நாடகத்துல அவரே வந்து சொல்லுவாருல்ல?"

குழம்புக் கரண்டி சற்று நின்றது. "வித்தையச் சரியாத்தான் கத்துக்கிட்டிருக்க."

"நீங்க ஏன்க்கா செத்தவங்கள நாடகத்துல எழுதறதே இல்ல? உங்க அண்ணனப் பத்தி எவ்வளவு கவிதை எழுதியிருக்கீங்க."

"கவிதையில அவன் வாய் திறக்க மாட்டான்."

மரகதவல்லி மூன்றாவது தட்டை எடுத்துச் சோறு போட்டாள்.

"என் முதல் நாடகத்துல அவன் பேசினான். சந்தைக்குக் கிளம்பறவன் பழையது சாப்பிட்டுக்கிட்டே பேசுவான். கறிவேப்பிலைய ஓரமா ஒதுக்கி வச்சுக்கிட்டே. அது அவனுக்குச் சின்னதுலேருந்தே பழக்கம். 'சோறு எடுத்து வை தங்கச்சி, மத்தியானம் வந்துடுறேன்'னு எழுந்து போவான். சனமெல்லாம் விம்மி விம்மி அழுதுச்சு. எனக்குப் பேர் வந்ததே அந்த ஒரு வசனத்தாலதான்."

"அப்புறம்?"

"மறுநாள் மத்தியானம் சோறு எடுத்து வச்சேன்."

சொல்லிவிட்டு, மூன்றாவது தட்டைக் கொல்லைக் கதவோரம் தள்ளி வைத்தாள்.

அமலோற்பவத்துக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "அந்த வசனத்த எடுத்துடவாக்கா?"

"இருதயராஜ் பேசுவான். திரைக்குப் பின்னால நின்னு நீ அடியெடுத்துக் குடு. அவன் உன் குரலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்." பிறகு கேட்டாள், "பிள்ளை என்ன சொல்லுது?"

"நேத்து ராத்திரி அழுதா. ஏம்மா கதவத் தாழ் போட்டேன்னு."

"உன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"கடலப் பாத்து."

மரகதவல்லி கை கழுவ எழுந்தாள். அமலோற்பவம் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அக்கா, உங்க அண்ணன் வந்தாரா?"

"தட்டக் கழுவுறவ நீதான, அமலோ. நீ சொல்லு."

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாடகம் தொடங்கியது. திடல் நிறைய ஆட்கள். அந்தக் காட்சி வந்தது. இருதயராஜ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத் திரையைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அமலோற்பவம் நின்றாள். வசனம் அவளுக்கு மனப்பாடம். அடியெடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள்.

நாக்கில் உப்புக் கரித்தது.

பிள்ளை மேடையைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், கடல் பக்கத்து இருட்டைப் பார்த்துச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

அமலோற்பவம் திரும்பிப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள். இருதயராஜ் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, தூங்குகிற பெண்சாதியை எழுப்பாமல் மேடையை விட்டு இறங்கிப் போனான்.