பரிவட்டத்துக்கு ஆசைப்பட்ட கடவுச்சொல்

கருங்குளம் சமஸ்தானத்து ராஜா சொக்கபூபதி கிரீடத்தைக்கூடக் கழற்றி வைப்பார், கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டார். ராஜா எவ்வழியோ, சமஸ்தானமே அவ்வழிதான்.

ஒருநாள் சபை விகடகவி மருதப்பர் எழுந்தார்.

"மகாராஜா, நம் கல்லூரியில் சேரும் எல்லாருக்கும் முதல் வருஷமே சைபர் பாதுகாப்புப் பாடம் வேண்டும். அதுவும் கட்டாயமாக. போன வாரம் ஒரு பெண்ணின் போனுக்குள் எவனோ புகுந்து, அவள் பெயரில் கண்டதையும் எழுதிவிட்டான். பாவம், அவள் வகுப்புக்கே வருவதில்லை."

மருதப்பர் வாயைத் திறந்தாலே மந்திரி அம்பலவாணருக்கு ஆகாது.

"ஏமாறுகிறவன் முட்டாள். நம் சமஸ்தானத்தில் முட்டாள் எவன் இருக்கிறான்?" என்றார்.

ராஜா மீசையைத் தடவினார்.

"மருதப்பரே, நாளைக்குள் ஒரு முட்டாளையாவது காட்டும். இல்லாவிட்டால் பாடமும் இல்லை, சபையில் உமக்கு இடமும் இல்லை."

அன்று மாலை எல்லார் போனிலும் ஒரு செய்தி வந்தது. 'இந்தத் தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை உங்களுக்கே! பரிவட்டம் கட்டிக்கொள்ளப் பெயரும் கடவுச்சொல்லும் உடனே அனுப்புக.'

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது.

"செய்தி அனுப்பியது அடியேன்தான்" என்றார் மருதப்பர். "கல்லூரியில் பாதிப் பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். மந்திரியார் இரண்டு முறை கொடுத்தார். முதல் தடவை எழுத்துப்பிழையாம்."

மந்திரி சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பரிவட்டம் வருஷா வருஷம் எனக்குத்தானே கட்டுகிறார்கள்! அதுகூடத் தெரியாதா? முதலில் அனுப்பியவன் எவன்? சபை நடுவில் நிறுத்தும் அவனை!"

"அவர் உட்கார்ந்தே இருக்கட்டும், மகாராஜா. தமக்குக் கட்டும் பரிவட்டம் வேறு தலைக்குப் போய்விடுமோ என்று பயந்துவிட்டார்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பொய்! என் கடவுச்சொல் என்ன, சொல்லும் பார்ப்போம்!"

மருதப்பர், ராஜாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்த மகாராணியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு பெண்ணின் பெயர், மகாராஜா. மகாராணியார் பெயராக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன்."

"பாடம் கட்டாயம்!" என்று அலறினார் ராஜா. "இன்றே! இப்போதே!"

மகாராணி அசையவில்லை.

"பாடம் இருக்கட்டும். அந்தப் பெயரைச் சொல்லும், மருதப்பரே."

மருதப்பர் கைகூப்பினார்.

"மன்னிக்க வேண்டும் தாயே. அடுத்தவர் கடவுச்சொல்லை வெளியே சொல்லக் கூடாது. அதுதான் முதல் பாடம்."

ராஜாவின் கழுத்தில் இருந்த முத்துமாலை அந்தக் கணமே மருதப்பர் கழுத்துக்கு மாறியது.