குனியாமல் போகும் கோழிக்கூண்டு

நாச்சிமுத்தண்ணன் வாயைத் திறந்தால் என் பட்டறையில் வெல்டிங் நின்றுவிடும். முப்பத்தொரு வருசம் கவர்மெண்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, கூட்டத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழுத்த தொண்டை. கிரைண்டர் ஓடும்போதும் அவர் பேசுவது தெளிவாகக் கேட்கும். ரிட்டையரான பிறகு தினமும் காலையில் ஸ்கூட்டரைத் துடைத்து மினுக்கி ஓட்டிக்கொண்டு வந்து, என் பெஞ்சில் உட்கார்ந்து கயிறு திரிப்பார். நாங்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவர் எதற்குப் புளுகினார் என்பது எனக்குத் தெரியும்.

விசயம் இதுதான். போன ஆவணியில் அவர் வீட்டுக்குப் பின்னால் அஞ்சு நாட்டுக்கோழிக்கு ஒரு கூண்டு செய்து கொடுத்தது நான். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், அஞ்சடி உயரம். குழாய், வலை, கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்று சொல்லியிருந்தேன். "அஞ்சடியா? முப்பத்தொரு வருசம் குனிஞ்சு குனிஞ்சு டிக்கெட் கிழிச்சாச்சு பழனி. இனி ஒரு கோழிக்கு முன்னால குனிய மாட்டேன்" என்று உயரத்தை எட்டடி ஆக்கினார். மறுநாள் மனையடி சாஸ்திரப் புத்தகத்தோடு வந்து நின்றார். ஒன்பதடி ஆகாதாம், ஏழடி தரித்திரமாம். சரியென்று பத்துக்கு எட்டாகச் செய்தேன். வெல்டு வைத்து முடித்த பிறகு டேப்பை உள்ளே பிடித்துப் பார்த்தார். மனையடி உள் அளவுக்குத்தான் பார்க்க வேண்டுமாம். குழாய்க் கனம் போக ஒன்பதே முக்காலடிதான் இருந்தது. அறுத்துப் போடு என்றார். அறுத்தேன். அப்புறம் ரெண்டு தடவை அறுத்து, கடைசியில் பதினாறுக்குப் பத்து என்று வந்து நின்றது. நான் குடியிருக்கும் வீட்டையே நான் அப்படி அளந்து கட்டவில்லை. செலவு நாற்பத்திரண்டாயிரம்.

அந்தப் பணம் வசந்தாமணியக்காவுடையது. அவர் சம்சாரம். பால் ஊற்றிச் சேர்த்து, பல் கட்டுவதற்காக பாங்கில் ரெண்டு பேர் பேரிலும் போட்டு வைத்திருந்தார்; அதை இவர் கேட்காமல் எடுத்துவிட்டார். முன்பல் நாலும் போய், ரெண்டு வருசமாக முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறார். அக்காவிடம் இவர் சொன்ன விலை ஒன்பதாயிரம். "நீ மொதல்ல சொன்ன வெல அதுதான பழனி? அதத்தான் நானும் சொன்னேன். இதுல பொய் எங்க வந்துச்சு?" என்று கேட்டு, அக்காவிடம் மூச்சு விட மாட்டேன் என்று என்னிடம் வாக்கும் வாங்கிவிட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் நாற்பத்திரண்டாயிரம் பாங்குக்குத் திரும்பியாக வேண்டும். மனுசன் அந்தக் கூண்டை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அருமைநாதன் சார் வந்தார். தெற்கத்திக்காரர், போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டையராகி சத்தி ரோட்டில் வீடு கட்டிக் குடிவந்தவர். எட்டு வெள்ளைப் பண்ணைக்கோழி வைத்திருந்தார். அதில் ரெண்டைக் கீரி தூக்கிவிட்டது. ஆள் உள்ளே நடந்துபோய் வருகிற மாதிரி ஒரு கூண்டு செய்தால் எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்தண்ணன் எழுந்துவிட்டார்.

"செலவ எங்கிட்டக் கேளுங்க சார். எங்கூட்டுக் கூண்டு ரெண்டு லட்சத்து எம்பதாயிரம்."

ஓரமாகக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ரங்கநாதன் பிரஷ்ஷை நிறுத்தினான். அந்தக் கூண்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தது அவன்தான். "ஏனுங்ணா, போன வாரம் ஒன்னரை லட்சம்னீங்க."

"அது வெறும் வலைக்குடா. குழாய்க்கு உங்கப்பனா குடுப்பாரு?" என்று அவனை அடக்கிவிட்டு போஸ்ட் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "வலைன்னா கடைல விக்கிற வலையில்லீங்க சார். காத்து உள்ள வரோணும்னா வரிசைல நின்னு ஒன்னொன்னாத்தான் வரோணும். ஒரு நாள் காலைல, மணி எட்டிருக்கும், பத்தடிச் சாரைப்பாம்பு ஒன்னு அந்தக் கண்ணுல தலைய உட்டுச்சு. நான் வேப்பங்குச்சில பல்லு வெளக்கீட்டே பாத்துட்டு நிக்கறேன். முக்கி முக்கிப் பூந்துச்சுங்க. அந்தப் பக்கம் இடியாப்பமா உழுந்துச்சு."

"தேங்காப்பால் ஊத்துனீங்களா?" என்றான் ரங்கநாதன்.

"ஊத்தறதுக்குள்ள கோழி தின்னுருச்சு."

போஸ்ட் மாஸ்டர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாம்பு இருக்கட்டும். கீரி வருமா?"

"வந்துச்சுங்க சார். இந்த எருமக்கன்னுத் தண்டி. மூனு நாளு விடாம வலையக் கடிச்சுது. மூனாம் நாளு முன்பல்லு நாலும் போச்சு."

சொன்னதும் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். உடனே தொடர்ந்தார். "இப்ப எங்கூட்டு வாசல்ல உக்காந்து பழைய சோறு கேக்குதுங்க. நல்லாக் கரைச்சு ஊத்தறோம். பாவம், கடிச்சுத் திங்க முடியறதில்ல."

"முட்டை எப்படி?" என்று கேட்டார் போஸ்ட் மாஸ்டர்.

"அதையேன் கேக்கறீங்க. எட்டடி ஒசரத்துல ஒரு மாளிகையக் குடுத்துட்டா, அதுக்குள்ள சின்ன முட்டை போட கோழிக்கே கூச்சமா இருக்குமா இல்லீங்களா? மொத முட்டை பூசணிக்காயாட்டம். அடுத்தது தண்ணிக்கொடம். மூனாவது முட்டை கதவுல வரவே இல்ல. உள்ளயே ஒடச்சு, மம்முட்டில வெங்காயங் கொத்திப் போட்டு, வீதிக்கே ஆம்லெட். அந்த ஓட்டுல எதுத்தூட்டுக்காரரு இன்னிக்கும் எருமைக்குத் தண்ணி காட்டறாரு."

"அத்தனை பெரிய முட்டை போட்ட கோழி என்னாச்சு?"

"சௌக்கியமுங்க. கொஞ்சம் இடுப்பு வலின்னு சொல்லுச்சு."

ரங்கநாதன் பெயிண்ட் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டான். போஸ்ட் மாஸ்டரின் உதடு லேசாகத் துடித்தது. அதைப் பார்த்ததும் நாச்சிமுத்தண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சார், இதெல்லாம் விடுங்க. ஐப்பசியில ஒரு நாளு மத்தியானம் அடிச்ச காத்து ஞாபகம் இருக்குதுங்களா? ஊர் ஓடெல்லாம் பறந்துச்சே. நான் கூண்டுக்குள்ள நின்னு கூட்டீட்டு இருந்தேன். அப்பிடியே தூக்குச்சுங்க. கூண்டு, கோழி, நானு, வெளக்குமாறு, எல்லாஞ் சேத்து. கீழ பாத்தா பவானி ஆறு அருணாக்கயிறாட்டம் தெரியுது. கொண்டு போயி சத்தி மலைக்காட்டுல எறக்குச்சு. ஒரு வெல்டு விடல. நம்ம பழனி கைவேலைன்னா சும்மாவா? கேட்டுப் பாருங்க."

என்னைக் கை காட்டினார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எறங்கி மூச்சு உடறேன், முன்னால சிறுத்தை. கதவுகிட்ட வந்து மொறைக்குது. எனக்குப் பழக்கதோசம். 'உள்ள எடமில்ல, அடுத்த வண்டில வா'ன்னுட்டேன். அது கேக்காம படில தொத்தப் பாத்துச்சு. சட்டைப்பையில விசில் இருந்துச்சு, ஒரே ஊது. எறங்கிப் போயி வரிசைல நின்னுக்குச்சு."

"சிறுத்தை ஒன்னுதானுங்களே, வரிசை எங்க வந்துச்சு?" என்றான் ரங்கநாதன்.

"அதுக்கு முன்னால ரெண்டு கரடி நின்னுதுடா."

அப்போதுதான் கவனித்தேன். சாய்த்து வைத்திருந்த ஷட்டர் தகட்டுக்குப் பக்கத்தில், காது உடைந்த தோசைக்கல்லைக் கையில் பிடித்தபடி வசந்தாமணியக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நான் தொண்டையைக் கனைத்தேன். சுத்தியலைக் கீழே போட்டேன். கதைக்கு நான் தாளம் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அண்ணன் குரலை இன்னும் உயர்த்தினார்.

"அப்பறம் திரும்பி வரோணுமில்லீங்க? அந்தச் சிறுத்தையோட வால்ல கூண்டக் கட்டி, அது முதுகுல நான் ஏறி உக்காந்து, ஒரே மிதி. கோபி பஸ் ஸ்டாண்டு வந்துதான் நின்னேன். டவுன் பஸ்னு நெனச்சுப் பதினேழு பேரு கூண்டுல ஏறிட்டாங்க. உடுவனா? பதினேழு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். சிறுத்தைக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன்."

போஸ்ட் மாஸ்டர் இப்போது வாய்விட்டே சிரித்துவிட்டார். "முப்பத்தெட்டு வருசம் தபால் ஆபீஸ்ல இருந்திருக்கேன். எத்தனையோ பேர் எழுதின பொய்க்கு நானே முத்திரை குத்தி அனுப்பியிருக்கேன். இவ்வளவு கனமான பொய்க்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டணும்னு எனக்கே தெரியல. சரி, அப்பேர்ப்பட்ட கூண்டு, அதப்பத்தி எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?"

"உங்களுக்குன்னா குடுத்தர்றனுங்க. நாப்பத்திரெண்டாயிரம். ஒரு ரூவா சாஸ்தியும் வேண்டாம், ஒரு ரூவா கொறையவும் வேண்டாம்."

"ரெண்டு லட்சத்து எம்பதாயிரத்த எதுக்கு நாப்பத்திரெண்டுக்கு விக்கிறீங்க?"

"அவசரமுங்க சார்" என்றார், தரையைப் பார்த்து. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

போஸ்ட் மாஸ்டர் என்னிடம் திரும்பினார். "நீங்க செஞ்சதுதானே. அதே அளவுல புதுசா செஞ்சா எவ்வளவு ஆகும்?"

அக்கா அங்கே நிற்கிறார். அண்ணனுக்கு நான் கொடுத்த வாக்கும் நிற்கிறது. ஆனால் அந்தக் காசை வாங்கினவன் நான், மூணு மாசமாக அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "நாப்பத்திரெண்டுதான் சார் ஆகும்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப சரி. சாயங்காலம் வந்து பாத்துட்டுப் பணத்தக் குடுத்திடறேன்."

நாச்சிமுத்தண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இந்தத் தோசைக்கல்லுக்கு ஒரு காது வெச்சுக் குடுங்க."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "வசந்தா, நீ எப்ப வந்த?"

"பாம்பு இடியாப்பமானப்பவே வந்துட்டனுங்க." அக்கா முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டரிடம் பேசினார். "சார், நாப்பத்திரெண்டெல்லாம் வேண்டாங்க. ஒம்பதாயிரம் குடுங்க. அதோட வெல அதுதான்."

"இவர் இப்பத்தானேம்மா..."

"எங்கூட்டுக்காரரு எங்கிட்ட ஒம்பதாயிரம்னுதானுங்க சொன்னாரு. ஊருல ஆயிரம் புளுகுவாரு சார். எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாருங்க."

நாச்சிமுத்தண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். இல்லை, நாற்பத்திரண்டுதான் என்று சொன்னால் கட்டினவளை ஏமாற்றியதை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் பல் போச்சு. பாம்பையும் சிறுத்தையையும் சமாளித்த மனுசனுக்கு இந்த ஒன்பதாயிரத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை.

"இன்னொன்னுஞ் சொல்லிப்போடறனுங்க, சொல்லாம வித்தா பாவம்" என்றார் அக்கா. "எங்க கோழி ஒரு நாளும் அதுக்குள்ள படுத்ததில்ல. அஞ்சும் முருங்கை மரத்துல ஏறித்தான் அடையுது."

"என்னோடது பண்ணைக்கோழிம்மா, மரம் ஏறத் தெரியாது. எனக்கு உதவும்." போஸ்ட் மாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். "ஒம்பதாயிரம். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றார் அண்ணன். கிரைண்டர் ஓடவில்லை, அப்படியும் அது சரியாகக் கேட்கவில்லை.

போஸ்ட் மாஸ்டர் போனதும் அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "நேத்து பாங்குக்குப் போயிருந்தனுங்க" என்றார் அவரிடம். சத்தமே போடவில்லை. பிறகு கையை நீட்டினார். "வண்டிச் சாவி."

அண்ணன் எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, அந்த ஒம்பது போக, இந்த ஸ்கூட்டருக்கு முப்பத்துமூனாயிரம் தேறுமா?"

"தேறுமுங்கக்கா. நானே எடுத்துக்கறேன். நாளைக்குக் காலைல பணத்தக் கொண்டாந்து குடுத்தர்றேன்."

"வேகமாக் குடுங்க. நாளான்னைக்குப் பல்லு டாக்டரு." சாவியை என் கையில் வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

நாச்சிமுத்தண்ணன் ரெண்டு எட்டு பின்னாலேயே போனார். "தப்புத்தான் வசந்தா. எனக்கு உங்கிட்டச் சொல்ல மூஞ்சியில்ல. நீ மொதல்ல பல்லக் கட்டிக்க, அதுதான் முக்கியம்." அவர் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. பிறகு மெல்லக் கேட்டார், "ஆனா ஊடு ஆறு கிலோமீட்டரு. சாவியையும் குடுத்துட்டேன். கையில பைசா இல்ல. நான் எப்பிடி வர்றது?"

அக்கா திரும்பினார். முன்பல் நாலும் இல்லாத வாயை மூடாமல் சிரித்தார். ரெண்டு வருசத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பொம்பளைக்கு டவுன் பஸ்ல டிக்கெட் காசு இல்ல, நான் போயிக்கறேன். நீங்க போன தடவையாட்டம் சிறுத்தை மேல ஏறி வாங்க."