நீருக்குப் பறையறைந்தவன்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட அரசருக்குப் பொல்லாத பிடிவாதம் ஒன்று இருந்தது. தம் பாட்டனார் எழுதிவைத்ததில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்பார்.

அந்தப் பாட்டனார் தாம் நீராடும் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர, மேலையூர்ப் பொதுநிலத்துக்கு அடியில் சுடுமண் குழாய் பதித்திருந்தார். அதன்மேல் பன்னிரண்டு அடி அகலத்துக்கு யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று நீர்வழி உரிமையும் எழுதிவைத்தார். வைத்தால் வலக்கையை வெட்டிவிடுவார்கள். குளத்தைத் தூர்த்து யானைக்கொட்டில் கட்டி நாற்பது வருடமாகிவிட்டது. குழாயில் ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை. உரிமை மட்டும் அப்படியே கிடந்தது.

தொடர்ந்து மூன்றாவது கோடையிலும் மழை பொய்த்தது. மேலையூரார் சேற்றுத் தண்ணீரைக் குடித்து, வயிற்றுப்போக்கு கண்டு மடிந்தார்கள். ஊற்று இருந்ததோ அந்தப் பன்னிரண்டு அடிக்குள்தான். ஊர்ச்சபை கூடி, "இந்த நீர்வழி உரிமையை அரண்மனை விட்டுவிடுகிறது" என்று ஓலை எழுதி அரச முத்திரைக்கு அனுப்பியது. அரசர் திருப்பி அனுப்பிவிட்டார். கிணறு வெட்டும் இருளப்பன் தன் மகளைப் புதைத்த அன்றே அங்கே கடப்பாரையை இறக்கினான். காவலர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அரசவையில் அவனுக்காகப் பேசியவன் விகடகவி ஆவுடையான் ஒருவன்தான். அரசர் அவனை எப்போதும் அருகில் வைத்திருப்பதைப் பொறுக்காத பிரதானி கங்காதரர் எழுந்தார்.

"அரசே, இவ்வுரிமை நீருக்காக எழுதப்பட்டது. விட்டுக்கொடுப்பதானால் நீரே விட்டுக்கொடுக்கட்டும். விகடகவி மூன்று நாளில் அதனிடம் சம்மதம் வாங்கி வரட்டும். தவறினால் கிணற்றுவெட்டியின் கையோடு இவர் நாக்கும் போகட்டும்."

அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

ஆவுடையான் மேலையூர் போனான். வீடுகள் பாதி பூட்டிக் கிடந்தன. இருளப்பன் மனைவி செம்பாயி கடைசிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது.

"அரமணையில சிரிக்க வைக்கிறவுக தானே நீங்க?" என்றாள். "இங்க எதுக்கு வந்தீக?"

ஊரெல்லாம் சிரிக்க வைத்தவன் அன்றே அரண்மனைக்குத் திரும்பினான்.

மறுநாள் காலையில் அரண்மனை மதிலடியில், குழாய் வாய்க்கு எதிரே, பறையோடு நின்றான். "மேலையூர் நீரே, உன் வழக்கு மன்றத்தில் இருக்கிறது, வந்து பதில் சொல்" என்று மூன்று முறை கூவினான். மூன்று நாளும் அப்படியே செய்தான். ஆவுடையானுக்குப் பயத்தில் பித்துப் பிடித்துவிட்டது என்று அரண்மனையே பேசிக்கொண்டது.

மூன்றாம் நாள் அரசவை கூடியது. வாசலில் வெட்டுக்கட்டை தயாராக இருந்தது.

"சம்மதம் எங்கே?" என்றார் அரசர்.

"நீர் வரவில்லை, அரசே. மூன்று நாள் பறையறைந்து அழைத்தும் மன்றத்துக்கு வராதவர் தம் உரிமையை இழப்பார் என்று தங்கள் பாட்டனார் எழுதிவைத்திருக்கிறார். அதில் ஓர் எழுத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை."

பிரதானி குறுக்கிட்டார். "நீருக்குக் காது ஏது? அழைத்தால் அது எப்படி வரும்?"

"சம்மதம் சொல்ல வாய் இருக்கிறது என்று தாங்கள்தானே சொன்னீர்கள், பிரதானியாரே. வாய் உள்ளவருக்குக் காதும் இருக்கும் என்று நம்பிவிட்டேன்."

அரசர் பிரதானியைப் பார்த்தார், பிறகு ஆவுடையானைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே ஊர்ச்சபையின் ஓலையில் முத்திரை வைத்து, "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"ஒரு வலக்கை, அரசே. இருளப்பனுடையது. அவன் உடம்போடு சேர்த்தே கொடுங்கள்."

அரசர் இன்னும் பலமாகச் சிரித்து, அதையும் கொடுத்து, முத்துமாலை ஒன்றும் போட்டார்.

இருளப்பன் அன்றே வெட்டத் தொடங்கினான். ஒன்பதாம் நாள் ஊற்றுக்கண் திறந்தது. செம்பாயியின் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த ஒன்பது நாளுக்குள் இறந்த நான்கு பேரின் குழிகளை வெட்டியதும் இருளப்பன்தான். கழுத்தில் முத்துமாலையோடு, அவன் வெட்டிய மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான் ஆவுடையான்.